கையில் பழகிய வல்லூறு களவு போனால்

இங்கிலாந்தில் ஒரு ஹாரிஸ் வல்லூறை வாங்கி வளர்க்க உரிமம் எதுவும் வேண்டியதில்லை. சில நூறு பவுண்ட் கையில் இருந்தால் போதும். வளர்த்து விற்கிற ஒருவரிடம் போய், பெட்டியில் வைத்து, காரின் பின்பக்கம் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம். இந்தப் பறவையின் சொந்த நிலம் அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட பகுதியில் தொடங்கித் தென் அமெரிக்கா வரை நீள்கிறது. 1960களில் பிரிட்டனுக்கு வந்தது. கூண்டில் நன்றாகக் குஞ்சு பொரித்தது. மற்ற வல்லூறுகளைப் போலப் பதற்றமும் முறைப்பும் இல்லாதது. அதனால் வேட்டைப் பறவை பழக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் அங்கே முதலில் கையில் ஏற்றுவது பெரும்பாலும் இதைத்தான். வாங்குவது எவ்வளவு சுலபமோ, திருடி விற்பதும் கிட்டத்தட்ட அவ்வளவு சுலபம்.

வேட்டைப் பறவை பழக்குவது கிளி வளர்ப்பது போன்ற காரியம் இல்லை. ராஜாளியையோ வல்லூறையோ கழுகையோ பறக்கவிட்டு, அது முயலையோ காட்டுக்கோழியையோ துரத்திப் பிடிக்கவும், பிறகு மனிதனின் கையுறை மேல் திரும்பி வந்து உட்காரவும் செய்கிற கலை. யுனெஸ்கோ 2010இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் அந்தப் பதிவில் 24 நாடுகள் இடம்பெற்றிருந்தன. வளைகுடா நாடுகளில் இதில் கௌரவமும் பெரும் பணமும் கலந்திருக்கின்றன. பிரிட்டனில் கதை வேறு. கோட்டைவாசிகளின் பொழுதுபோக்கு என்ற நினைப்பு நமக்கு இருக்கலாம். ஆனால் இன்று அங்கே இதைச் செய்கிறவர்களில் பலர் தோட்டத்து மூலையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் பறவையைப் பார்த்துக்கொள்கிற சாதாரண ஆட்கள்தான். திருடர்களுக்கு வசதியாக இருப்பதும் அந்தத் தோட்டத்து மூலைதான்.

பறவை எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று பார்த்தால் விஷயம் புரியும். பகலில் அது புல்தரையில் இருக்கும். வில் போல வளைத்த கம்பியைத் தரையில் ஊன்றியிருப்பார்கள். வல்லூறு அதன்மேல் உட்காரும். ராஜாளி என்றால் மேல்பக்கம் தட்டையான கட்டை. இரண்டு கால்களிலும் தோல் பட்டை, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறிய உலோகச் சுழலி, சுழலியிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனை கம்பியில் உள்ள வளையத்தில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சை ஒரே கையால் போடலாம், ஒரே கையால் அவிழ்க்கலாம். மறு கையில் எப்போதும் பறவை இருக்குமே! பறவை பறந்து போகாமல் இருக்கப் போட்ட கட்டு இது. மனிதன் எடுத்துப் போவதைத் தடுக்க இதில் ஒன்றும் இல்லை. இரவில் மரக் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டுவார்கள். இல்லாவிட்டால் வலைக்கூண்டில் கட்டாமல் விட்டுவைப்பார்கள். இரண்டுமே வீட்டிலிருந்து சற்றுத் தள்ளித்தான் இருக்கும்.

விவரம் தெரியாத திருடன் முடிச்சோடு மல்லுக்கட்டமாட்டான். கயிற்றை அறுப்பான், பறவையைச் சாக்கிலோ பூனைக்கான கம்பிக்கூண்டிலோ திணிப்பான். கம்பிக்கூண்டில் இறக்கையடித்தால் வால் இறகுகள் பன்னிரண்டும் முறிந்து சீப்பு மாதிரி ஆகிவிடும். அதைவிட மோசம், கையிலிருந்து நழுவுவது. காலில் கயிறு தொங்கத் தொங்க அது போய் ஒரு மரத்தில் உட்காரும். கயிறு கிளையில் சுற்றிக்கொள்ளும். அடுத்த முறை பறக்க எழும்பும்போது தலைகீழாகத் தொங்கி, யார் கண்ணிலும் படாமல் அங்கேயே செத்துப்போகும். கொட்டகைக் கதவு திறந்து கிடப்பதைக் காலையில் பார்க்கிற உரிமையாளர் முதலில் தேடுவது பக்கத்து மரங்களைத்தான். திருடனே பத்திரமாகக் கொண்டுபோயிருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை அது.

‘டிரான்ஸ்மிட்டர் இருக்குமே, கண்டுபிடிக்கலாமே’ என்று தோன்றும். இருக்கிறது. ரேடியோ சமிக்ஞை அனுப்பும் சிறு கருவிகள் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் உண்டு. கைப்பேசித் திரையில் பறவை எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் ஜிபிஎஸ் கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் இவை பறக்கவிடும் நேரத்துக்கானவை. வாலிலோ முதுகிலோ மாட்டுவார்கள், வேட்டை முடிந்ததும் கழற்றுவார்கள். களவு நடக்கும் இரவில் அந்தக் கருவி வீட்டுக்குள் சார்ஜரில் இருக்கும்.

சரி, திருடியவனுக்கு என்ன கிடைக்கிறது? பழகிய பறவையை நடத்துவது ஒரு எண். தினமும் காலையில் தராசில் நிறுத்திக் கிராம் கணக்கில் நோட்டில் எழுதுவார்கள். ஆண் ஹாரிஸ் வல்லூறு 600 கிராம் அளவில் இருக்கும், பெண் 900ஐத் தாண்டும். ஒவ்வொரு பறவைக்கும் அதற்கே உரிய ‘பறக்கும் எடை’ உண்டு. உடம்பு நலமாக இருக்க வேண்டும், ஆனால் வேட்டையாடும் அளவுக்குப் பசியும் இருக்க வேண்டும். அந்த இடைவெளி மிகக் குறுகியது. கொஞ்சம் கூடினால் பறவை மரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே கூப்பிடுகிறவரைச் சட்டையே செய்யாது. அளவுக்கு மீறிக் குறைந்தால் பலவீனம், பிறகு நோய். ஆண் குருவிப் பருந்து போல 150 கிராம் எடையே உள்ள சிறிய இனங்களில் ஒரு நாள் தீனி தவறினாலே உயிருக்கு ஆபத்து. ராஜாளி இனத்திலேயே பெரியதான ஜைர் ராஜாளிக்கும் காஸ்ஹாக் என்ற பெரிய காட்டு வல்லூறுக்கும் வேறு பிரச்சினை. மன அழுத்தமும் ஈரமான இடமும் சேர்ந்தால் நுரையீரலில் பூஞ்சை பிடித்துவிடும்.

இந்த எண் பறவையின் காலில் எழுதி ஒட்டியிருக்காது. உரிமையாளரின் நோட்டில் இருக்கும், அவர் தலைக்குள் இருக்கும். இந்தப் பறவை எந்தச் சீட்டிக்கு வரும், நாயைக் கண்டால் என்ன செய்யும், ஆண் கோழிக்குஞ்சு பிடிக்குமா காடை பிடிக்குமா என்பதெல்லாமும் அப்படித்தான். களவு போகிற பறவையோடு இதில் ஒன்றும் கூடப் போவதில்லை. இரண்டு மூன்று வேட்டைக்காலம் உழைத்து உருவாக்கிய ஒன்று, கைமாறிய நிமிடமே சந்தையில் சில நூறு பவுண்ட் பெறும் பறவையாக இறங்கிவிடுகிறது. நகைத் திருட்டில் இப்படி நடப்பதில்லை. நகையின் மதிப்பு திருடனோடு சேர்ந்தே போகும்.

அப்படியானால் ஏன் திருடுகிறார்கள்? எல்லாக் களவும் ஒரே ரகம் இல்லை. கொட்டகையை உடைத்து மண்வெட்டி, சைக்கிள், புல்வெட்டும் இயந்திரம் எடுக்கிற ஆள் கூடவே பறவையையும் எடுத்துப்போவது ஒரு ரகம். இது மட்டமான களவு, பறவைக்குத்தான் ஆபத்து அதிகம். இன்னொரு ரகத்தில் வருகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். எந்த வீட்டில் இனப்பெருக்க ஜோடி இருக்கிறது, எப்போது முட்டையிடும், எந்தக் கூண்டு, நாய் எங்கே படுக்கும் என்பது வரை. இப்படி வருகிறவன் விலையுள்ள ஜைர் ராஜாளியையோ கலப்பினத்தையோ எடுத்துப் பக்கத்தில் இருக்கும் மலிவான பறவைகளை விட்டுவிடுவான். பார்த்தாலே தெரிந்துவிடும், அந்த உலகத்துக்குள் புழங்குகிற யாரோ ஒருவர் இதில் இருக்கிறார் என்று. பறவை வளர்ப்போர் இதை வெளியே சொல்லச் சங்கடப்படுவார்கள். ஆனாலும் கண்காட்சியில் யாரிடம் என்ன பேசுகிறோம், இணையத்தில் எந்தப் படத்தைப் போடுகிறோம், படத்தின் பின்னணியில் எந்தத் தெரு தெரிகிறது என்று இப்போது அவர்கள் காட்டும் எச்சரிக்கையே போதும், யாரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று புரிந்துகொள்ள.

வசந்த காலத்துக் களவு எல்லாவற்றிலும் கொடியது. ஜோடியை எடுத்தால் முட்டைகள் ஆறிப்போகும். மனிதனையே துணையாக எண்ணி வளர்ந்த ஆண் ராஜாளியை எடுத்தால், செயற்கைக் கருவூட்டலுக்கு அதை நம்பியிருந்த பண்ணையின் பல வருட வேலை ஒரே இரவில் போய்விடும். முட்டையையோ, கண் திறந்து சில நாளே ஆன குஞ்சையோ எடுத்தால் திருடனுக்கு இன்னொரு லாபம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள வளையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கூண்டில் பிறந்த பறவையின் காலில் பொருத்தும் வளையத்துக்கு வெட்டோ இணைப்போ கிடையாது. முழு வட்டம். குஞ்சு பிறந்து ஒரு வாரம், பத்து நாள் வாக்கில், பாதம் இன்னும் சிறிதாக இருக்கும்போது விரல்களைச் சேர்த்துப் பிடித்து உள்ளே நுழைப்பார்கள். பாதம் வளர்ந்த பிறகு அது கழலாது, புதிதாகப் போடவும் முடியாது. வளர்ந்த பறவையின் காலில் முழு வளையம் இருந்தால், குஞ்சாக இருந்தபோதே அது ஒரு மனிதனின் கையில் இருந்தது என்று பொருள். யாருடைய கையில் என்பதைத்தான் அந்த வளையம் சொல்லாது. வளையம் போடும் வயதுக்கு முன்பே திருடிய குஞ்சுக்குத் திருடனே தன் வளையத்தைப் போட்டு, ‘என் பண்ணையில் பிறந்தது’ என்று விற்றுவிடலாம். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது.

பிரிட்டனில் இதற்குச் சட்டக் காகிதங்கள் இல்லாமல் இல்லை. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தில் நான்காம் அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள இனத்தைக் கூண்டில் வைத்திருந்தால் அரசிடம் பதிவு செய்து, வளையம் போட்டிருக்க வேண்டும். பெரிகிரின் ராஜாளி, மெர்லின் என்ற சிறிய ராஜாளி, காஸ்ஹாக், பொன்னாங்கழுகு ஆகியவை அதில் உள்ளவை. முன்பு பட்டியல் நீளமாக இருந்தது. 1994இலும் 2008இலும் அதைக் கத்தரித்தார்கள். இதுபோக, மிக அரிய இனங்களை விற்பதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். அது சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக வந்தது.

இந்த ஏற்பாடு யாருக்காக என்று பார்க்க வேண்டும். காட்டுப் பறவையைக் காப்பதற்காக வந்தது இது. கூட்டிலிருந்து எடுத்த குஞ்சைக் கூண்டில் பிறந்ததாகக் காட்டி விற்பதைத் தடுப்பதுதான் நோக்கம். அந்த வேலையை அது ஓரளவு செய்தும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு எல்லையில் 2021இல் காவல்துறை ஒரு வீட்டைச் சோதித்தபோது, அங்கிருந்த பெரிகிரின் குஞ்சுகளில் சில பக்கத்துப் பாறைகளில் இருந்த காட்டுக் கூடுகளிலிருந்து எடுத்தவை என்று மரபணுச் சோதனை காட்டிக்கொடுத்தது. ஏற்கெனவே விற்ற குஞ்சுகளால் 40,000 பவுண்டுக்கு மேல் வருமானம் வந்திருந்தது. 2024இல் தீர்ப்பு வந்தது. சிறை கிடையாது, சம்பளமில்லாச் சமூக வேலை. அதற்கும் முன்பு, 2010இல், பர்மிங்ஹாம் விமான நிலையத்தில் ஒருவர் 14 பெரிகிரின் முட்டைகளை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு துபாய்க்கு விமானம் ஏற நின்றபோது பிடிபட்டார். உடல்சூட்டில் முட்டை கெடாது என்பது கணக்கு. அவருக்குச் சிறை கிடைத்தது.

ஆனால் தோட்டத்துக் கொட்டகையில் களவு போன ஹாரிஸ் வல்லூறு இந்தக் கதை எதிலும் வராது. அது பிரிட்டனின் காட்டுப் பறவை இல்லை, அருகிவரும் இனமும் இல்லை. அதனால் நான்காம் அட்டவணையில் இடமில்லை. விற்கிறவரிடம் வாங்குகிறவர் கேட்டே ஆகவேண்டிய காகிதம் எதுவும் கிடையாது. பறவைக் காய்ச்சல் பயத்தால் 2024 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் வெளியில் ஒரே ஒரு பறவை வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அது எந்த இடத்தில் எத்தனை பறவை என்று கேட்கும் பதிவு. எந்தப் பறவை யாருடையது என்று அது கேட்பதில்லை. ஆக, அரசின் காகிதம் விலை கூடிய, அரிய இனங்களைச் சுற்றி இருக்கிறது. அதிகம் பேர் வளர்க்கும் பறவை காகிதமே இல்லாமல் நிற்கிறது. அரிய இனமாகவே இருந்தாலும் அந்தப் பதிவு உரிமையாளருக்குத் துணை வருவது தற்செயலாகத்தான்.

திருட்டு என்ற அளவில் சட்டம் என்ன சொல்கிறது? 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, காட்டு உயிர் பழகியதோ பழகாததோ, சொத்துதான் என்கிறது. ஆனால் பழகாத, வழக்கமாக அடைத்து வளர்க்கப்படாத காட்டு உயிரை ‘திருட’ முடியாது. யாராவது அதைத் தன் வசமாக்கி, அந்த வசம் இன்னும் அறுந்துபோகாமல் இருந்தால் மட்டுமே அது திருட்டு. பழகிய வல்லூறு இதில் தெளிவாகச் சொத்து. அதனால் களவுக்கு ஏழு ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். கட்டடத்துக்குள் நுழைந்து எடுத்தால் அது வேறு குற்றம், வீடல்லாத கட்டடத்துக்கே உச்சவரம்பு பத்து ஆண்டு. அதாவது அதே திருடன் அதே பறவையைப் பட்டப்பகலில் புல்தரையிலிருந்து தூக்கினால் ஒரு குற்றம், இரவில் கொட்டகையை உடைத்துத் தூக்கினால் அதைவிடக் கனமான குற்றம். இதெல்லாம் ஏட்டில் உள்ள உச்சம். நீதிமன்றத்தில் தண்டனையை அளக்கும்போது முதலில் முன்னால் வருவது பொருளின் விலை. சில நூறு பவுண்ட். உரிமையாளருக்கு ஏற்பட்ட மனவேதனையையும் சேர்த்துப் பார்க்க வழிகாட்டு நெறி இடம் தருகிறது. ஆனால் அந்த இடம் வரை வழக்கு போய்ச் சேர, முதலில் பறவை கிடைக்க வேண்டும்.

பழைய காலத்தில் இவ்வளவு நிதானம் இல்லை. பர்கண்டிய மன்னர்களின் சட்டத்தில், ஏறத்தாழ கி.பி. 500 வாக்கில், அடுத்தவனின் வல்லூறைத் திருடியவனுக்கு விசித்திரமான தண்டனை ஒன்று இருந்தது. அவன் மார்பின் மேல் ஆறு அவுன்ஸ் இறைச்சியை வைத்து அந்தப் பறவையையே தின்ன விட வேண்டும். அதற்கு அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் உரிமையாளருக்கு ஆறு பொற்காசும், அபராதமாக இரண்டு பொற்காசும் கட்ட வேண்டும். எத்தனை பேர் இறைச்சியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தில் மன்னர் மூன்றாம் எட்வர்டு 1360களில் போட்ட சட்டங்கள் இன்னும் சுவாரசியமானவை. காணாமல்போன வல்லூறு யாருக்காவது கிடைத்தால் அதை அந்த வட்டாரத்தில் மன்னரின் அதிகாரியான ஷெரீஃபிடம் கொண்டுபோக வேண்டும். ஷெரீஃப் ஊர் ஊராக அறிவிக்கச் செய்ய வேண்டும். நான்கு மாதத்துக்குள் உரியவர் வந்தால் செலவைக் கொடுத்துவிட்டு வாங்கிப்போகலாம். வராவிட்டால், கண்டெடுத்தவன் தகுதியுள்ள கனவானாக இருந்தால் அவனுக்கே. சாதாரண ஆளாக இருந்தால் ஷெரீஃபுக்கு. மறைத்து வைத்துக்கொண்டால் சிறை. திருடினால், குதிரைத் திருடனுக்கு என்ன தண்டனையோ அதே. அந்த நூற்றாண்டிலேயே இன்னொரு சம்பவமும் பதிவாகியிருக்கிறது. லண்டனுக்குத் தெற்கே பெர்மாண்ட்சி மடத்தில் வழிபாடு நடந்துகொண்டிருந்தபோது, மண்டபத்துத் தாங்குகோலில் உட்கார்ந்திருந்த வல்லூறை யாரோ திருடிவிட்டார்கள். பறவை ஈலி நகர ஆயருடையது. திருடியவர்களை ஆயர் திருச்சபையிலிருந்தே விலக்கிவைத்தார். தன் பறவை போனால் ஆயருக்கும் கோபம் வரத்தான் செய்யும்!

எட்வர்டின் சட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது தண்டனை இல்லை, அந்த அறிவிப்பு ஏற்பாடுதான். களவையும் தொலைவதையும் அந்தச் சட்டம் சேர்த்தே பார்த்தது. வேட்டைப் பறவை விஷயத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மெல்லியது. மாலையில் இரையைத் துரத்திப்போய் இருட்டில் திரும்பாத வல்லூறு, மறுநாள் பத்து மைல் தள்ளி யார் வீட்டுக் கோழிக்கூண்டு மேலாவது உட்கார்ந்திருக்கும். ‘கிடைத்தது, வைத்துக்கொண்டேன்’ என்று அந்த வீட்டுக்காரர் சொல்வார். காலில் தோல் பட்டையும், பறவை இருக்கும் இடத்தை ஒலித்துக் காட்டும் மணியும் இருக்கும்போது அது யாருக்கோ சொந்தம் என்பது தெரியாமல் போகுமா? ஆனால் பட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டால் மணியும் போய்விடும், கேள்வியும் போய்விடும். (மணி என்றதும் ஒன்று. நல்ல ஒலிக்குப் பெயர்போன லாகூர் மணிகளை நம் துணைக்கண்டத்திலிருந்து ஐரோப்பியர் தேடி வாங்கினார்கள். இன்றும் இந்தக் கலைக்கான மணியும், பறவையின் கண்ணை மூடும் தொப்பியும் பாகிஸ்தானிலிருந்து உலகெங்கும் போகின்றன.)

தொலைந்த பறவையை உரியவரிடம் சேர்க்கும் ஏற்பாட்டை மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் வேட்டை முகாமில் பார்த்ததாக மார்க்கோ போலோ சொல்கிறார். பேரரசரின் ராஜாளிகள் ஒவ்வொன்றின் காலிலும் சிறு வில்லை இருக்குமாம், அதில் உரிமையாளர் பெயரும் பராமரிப்பவர் பெயரும். யாருடையது என்று தெரியாத பறவையை, தொலைந்த பொருள்களுக்கென்றே நியமித்த ஓர் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். வேட்டை முகாமில் எல்லாருக்கும் தெரியும்படி உயரமான இடத்தில் கொடி நட்டு அவர் உட்கார்ந்திருப்பார். ஐரோப்பாவிலும் பெயர் பொறித்த சிறு வெள்ளி வளையங்களைக் கால் பட்டையின் நுனியில் கோப்பார்கள். உலோகம் தேடும் கருவியோடு இங்கிலாந்தின் வயல்களில் அலைகிறவர்களுக்கு அவை இன்றும் கிடைக்கின்றன. ஒவ்வொரு வளையமும் வீடு திரும்பாத ஒரு பறவையாக இருக்கலாம்.

இன்றைய பிரிட்டனில் அந்தக் கொடி நட்ட அதிகாரியின் வேலையை அரசு செய்வதில்லை. வளர்ப்போரே செய்துகொள்கிறார்கள். இண்டிபெண்டன்ட் பேர்ட் ரெஜிஸ்டர் என்ற தனியார் பதிவேட்டில் வளைய எண்ணைப் பதிந்துவைத்தால், பறவை தொலைந்தாலும் கிடைத்தாலும் களவு போனாலும் அங்கே சொல்லலாம். வளையத்திலேயே தொலைபேசி எண் இருக்கும். நல்ல ஏற்பாடு, நிறையப் பறவைகள் இதனால் வீடு திரும்புகின்றன. ஆனால் நேர்மையாகக் கண்டெடுத்தவரிடம்தான் இது வேலை செய்யும். திருடன் கம்பி வெட்டும் கருவியால் வளையத்தை அறுத்துவிட்டால் எண்ணும் போச்சு. அடுத்து மைக்ரோசிப். அரிசி மணி அளவு கண்ணாடிக் குழல், மார்புத் தசைக்குள் செலுத்துவார்கள், வெளியே தெரியாது. இங்கிலாந்தில் நாய்க்கு 2016 முதல் சிப் கட்டாயம், பூனைக்கு 2024 முதல். ஹாரிஸ் வல்லூறுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. சிப் இருந்தாலும் யாராவது சந்தேகப்பட்டு ஸ்கேனரை வைத்துப் பார்த்தால்தான் உண்டு. வாங்குகிறவர் அதைச் செய்வதில்லை. விலை வழக்கத்தைவிட மலிவாக இருக்கும்போது செய்ய விரும்புவதும் இல்லை. இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி திருடன் அல்ல, கேள்வி கேட்காமல் வாங்குகிறவர் என்பது என் எண்ணம்.

மிச்சமிருப்பது மரபணு. இதில் வளர்ப்போருக்குத் தெரியாமலே ஒரு பாதுகாப்பு கூடியிருக்கிறது. ஆண்டுதோறும் வசந்தத்திலும் கோடையிலும் பறவை இறகுதிர்க்கும். விழுகிற பெரிய இறகுகளை யாரும் குப்பையில் போடுவதில்லை. எந்த இறக்கை, எத்தனையாவது இறகு என்று குறித்து உறைகளில் எடுத்துவைப்பார்கள். அடுத்த பருவத்தில் ஓர் இறகு முறிந்தால், முறிந்த தண்டைச் சீராக வெட்டி, மூங்கில் சீவலில் செய்த சிறு ஆணியைப் பசை தடவி உள்ளே செருகி, போன வருடத்து அதே இறகை அதன்மேல் பொருத்துவார்கள். கை நடுங்காதவர் செய்தால் ஒட்டு தெரியாது, பறவையும் அன்றே பறக்கும். அந்த உறைகளில் இருக்கும் இறகுத் தண்டின் அடியில் மரபணு இருக்கிறது. களவு போன பறவை வேறொருவர் கொட்டகையில் வேறு வளையத்தோடு நின்றால், இரண்டையும் ஒப்பிட்டு இது அதுவேதான் என்று சொல்லிவிட முடியும். பெற்றோர் பறவைகளின் மாதிரி இருந்தால் திருடிய குஞ்சு விஷயத்திலும் முடியும். ‘என் பண்ணையில் பிறந்தது’ என்ற பேச்சு அங்கே நிற்காது. ஒன்றுதான் குறை, யாருடைய கொட்டகையில் பார்ப்பது என்று தெரிய வேண்டும்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே இந்தக் கலையைத் தொடவே உரிமம் வேண்டும். பயிலுநர், பொது, முதுநிலை என மூன்று படிகள், தேர்வு, கொட்டகைக்கு முன்கூட்டிய ஆய்வு. பறவை கைமாறினாலும் பறந்துபோனாலும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். களவு போனால் பத்து நாளுக்குள் மாநிலத்துக்கும் மத்திய வனவிலங்குத் துறைக்கும் சொல்லியாக வேண்டும். காட்டில் பிடித்துப் பழக்கிய பறவையை விற்கவே கூடாது. ஐக்கிய அரபு அமீரகம் 2002 முதல் ராஜாளிகளுக்குப் பாஸ்போர்ட்டே கொடுக்கிறது; ராஜாளி எந்த எல்லையைக் கடந்தாலும் வளைய எண்ணோடு அதுவும் கூடப் போக வேண்டும். சவூதியில் 2021இல் நடந்த ஏலத்தில் ஒரு வெள்ளை ஜைர் ராஜாளி 17.5 லட்சம் ரியாலுக்குப் போனது. அப்படிப்பட்ட சந்தையில் காகிதம் இல்லாத பறவையை நல்ல விலைக்கு விற்பது கடினம். பிரிட்டிஷ் வளர்ப்போரில் பலருக்கு உரிமம் என்ற பேச்சே ஆகாது. உரிமம் வந்தால் அடுத்து கட்டணம், அடுத்து தடை என்று நினைப்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டு முகவரியோடு ஒரு பட்டியல் எங்கோ இருப்பதே இன்னொரு ஆபத்து என்றும் சொல்வார்கள். ஆனால் யாரும் எதையும் கேட்காத சந்தையில் பறவையைச் சுலபமாக வாங்கவும் வேண்டும், அதே சந்தையில் களவுப் பறவை மட்டும் விலைபோகக் கூடாது என்றால் எப்படி?

2024இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வளர்ப்புப் பிராணிக் கடத்தல் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றியது. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் நாயையோ பூனையையோ தூக்கிப்போனால், அதன் விலை என்ன என்பது கேள்வியே இல்லாமல், ஐந்து ஆண்டு வரை சிறை. களவாடப்படுவது வெறும் சொத்து அல்ல என்று சட்டம் ஒத்துக்கொண்ட இடம் இது. வல்லூறு அதில் இல்லை. செல்லப் பிராணியாக வழக்கமாக வளர்க்கிற வேறு விலங்குகளையும் பின்னால் சேர்த்துக்கொள்ள அரசுக்கு அதிகாரம் உண்டு. அதற்குக் களவு எவ்வளவு நடக்கிறது என்று காட்ட வேண்டும். காவல்துறைக் கணக்கிலோ வல்லூறுக்குத் தனித் தலைப்பு கிடையாது. கொட்டகை உடைப்பு என்றோ பொதுக் களவு என்றோ போய்விடும். இன்னொரு சிக்கல் வளர்ப்போரிடமே இருக்கிறது. பல வருடம் கையில் ஏற்றிப் பழக்கிய காஸ்ஹாக்கைக் காட்டி, இது உங்கள் செல்லப் பிராணியா என்று கேட்டுப் பாருங்கள். இல்லவே இல்லை என்று சற்றுக் கோபமாகவே பதில் வரும்.